மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர் ஒருவரைப் பணிக்கோ பதவி உயர்வுக்கோ பரிசீலிக்கும்போது, அவரது கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று முதலில் கேட்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அந்த எண் எதை அளக்கிறது என்பதைத் தேர்வுக் குழுவினர் யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

கரைசலில் உள்ள புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை அமெரிக்காவின் ஆலிவர் லௌரியும் அவரது குழுவினரும் 1951இல் வெளியிட்டனர். மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் என்று நேச்சர் அறிவியல் இதழ் 2014இல் வெளியிட்ட பட்டியலில், மூன்று லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களுடன் அந்தக் கட்டுரையே முதலிடம் பெற்றது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ முதல் 100 இடங்களுக்குள் வரவில்லை. அன்றாடம் கையாளும் ஆய்வக முறையைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். பாடநூலில் கலந்துவிட்ட கண்டுபிடிப்பின் மூலத்தைக் குறிப்பிடுவோர் குறைவு.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்துக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது. புரத அமைப்பு ஒன்று நம்பத்தக்கதா என்று சோதிக்க உலகெங்கும் இன்றும் அதையே நாடுகிறார்கள். ஆனாலும், ராமச்சந்திரன் பெயரைச் சொல்லும் பலர் மூலக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதில்லை. இத்தகைய பங்களிப்பை எந்தக் குறியீட்டெண்ணும் முழுமையாகக் காட்டாது.

ஆகவே, விண்ணப்பதாரர் தாமே தேர்ந்தளிக்கும் மூன்று கட்டுரைகளைக் குழுவினர் முழுமையாகப் படித்து, அவற்றில் அவரது பங்கு என்ன என்று நேர்காணலில் கேட்டறிவதை நம் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர், திருச்சி