விதைக்கு எந்தச் செடியை விடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

தக்காளி விதையை எடுத்து வைத்தால் அடுத்த வருஷம் முளைக்குமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முளைக்கும். எந்தச் செடியிலிருந்து எடுக்கப் போகிறாய், அதைச் சொல்.

நீ விதைத்தது வீரிய ஒட்டு ரகமாக, அதாவது இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கியதாக, இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அதன் விதையும் முளைக்கும், காய்க்கும். ஆனால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு தினுசாக நிற்கும். நாட்டு ரகம் என்றால் தைரியமாக எடு.

லட்சணமான பழத்தையெல்லாம் சமையலுக்குப் பறித்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய சொத்தையை விதைக்கு விடுவதுதான் பலருடைய வழக்கம். இன்னும் சிலர் இருப்பதிலேயே பெரிய பழமாகத் தேடுவார்கள். ஒரே செடியில் பெரிய பழமும் சின்னப் பழமும் ஒரு தாய் பெற்றவைதான். அதனால் பழத்தை விட்டுவிட்டுச் செடியைப் பார். பக்கத்துச் செடிகள் நோயில் சுருண்டபோது எது நிமிர்ந்து நின்றது, எது கடைசிவரை காய்த்தது என்று கவனி. அப்படி மூன்று நான்கு செடிகளுக்கு இப்போதே ஒரு வண்ண நூலைக் கட்டிவிடு. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவை, இல்லாவிட்டால் அடுப்புக்குப் போய்விடும். கீரையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: முந்திக்கொண்டு பூக்கிற செடியை விதைக்கு விடாதே, அடுத்த தலைமுறையும் இலை தராமல் அவசரமாகப் பூத்துவிடும்.

தக்காளியும் மிளகாயும் நன்றாகப் பழுத்தால் போதும், விதை தயார். கத்தரி, வெள்ளரி, வெண்டை எல்லாம் நாம் பிஞ்சாகவே தின்பவை. கத்தரி மஞ்சளாகித் தளரும்வரை, வெண்டை செடியிலேயே நெற்றாகும்வரை விட வேண்டும். காய் முற்ற முற்ற அந்தச் செடி புதிதாகக் காய்ப்பது குறையும், அதற்குத் தயாராக இரு.

தக்காளியும் பட்டாணியும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும். பூசணிக்குத் தேனீதான் தரகர். இரண்டு ரகம் அருகருகே இருந்தால் விதை கலந்துவிடலாம். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. அடியில் குட்டிக் காயோடு இருக்கும் பெண் மொட்டையும், ஒரு ஆண் மொட்டையும் மலர்வதற்கு முந்தின சாயங்காலமே மெல்லிய துணியால் கட்டிவிடு. காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி கட்டு. கொஞ்சம் வேலைதான், ஆனால் அந்தக் காயை நம்பலாம்.

தக்காளி விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு சவ்வு இருக்கிறதல்லவா? பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. சதையோடு வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்க விடு. மேலே ஆடை படரும், நாற்றமும் வரும், பயப்படாதே. அதற்கு மேல் விட்டால் பாத்திரத்திலேயே முளைவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். கழுவித் தட்டில் பரப்பு. காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

எந்த விதையையும் காயவைப்பது நிழலில்தான். பூசணி விதை வளையாமல் படக்கென்று உடைய வேண்டும். அவரை விதையைக் கடித்தால் பல் பதியக் கூடாது. ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் கணக்கு. அப்புறம் இறுக்கமான டப்பாவில் போட்டு, ரகத்தின் பெயரையும் வருஷத்தையும் எழுதிக் குளிர்ச்சியான இடத்தில் வை. வெங்காய விதை மட்டும் ஓரிரு வருஷத்துக்கு மேல் தாங்காது, தக்காளி நான்கைந்து வருஷம் கிடக்கும்.

விதைப்பதற்கு முன் 10 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார். எட்டு முளைத்தால் சரி. ஐந்துதான் என்றால் இரண்டு மடங்கு தூவு. இரண்டோ மூன்றோ என்றால் எனக்குச் சொல்லி அனுப்பு, என்னிடம் இருப்பதில் பாதி தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்