செயலாளர் அறிக்கை: சங்கக் காரும் நான்கு மில்லிமீட்டரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, பழைய கார்களின் மேல் தீராப் பற்றுக்கொண்ட உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. சந்தா நிலுவை பெரும்பாலும் வசூலாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுக் கருவிகளோடு எஞ்சின் தூக்கி ஒன்று சேர்ந்திருக்கிறது. டார்க் ரெஞ்சை இரவல் வாங்கியவர்கள் தயவுசெய்து திருப்பித் தர வேண்டும். மற்றபடி இந்த ஆண்டு நம் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது சங்கத்தின் பொதுக் கார்தான். ஆகவே அறிக்கையின் மீதிப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினையும் மூன்று கியர் பெட்டியையும் இறக்கிவிட்டு, 350 கன அங்குல ஷெவ்ரலே வி8 எஞ்சினையும் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஏற்றுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். ‘ஆட்டோமேட்டிக் எதற்கு?’ என்று அன்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1982-ல் வந்த இந்தக் கியர்பாக்ஸில் முதல் கியர் விகிதம் 3.06, நான்காவது 0.70. புறப்படும்போது நல்ல இழுவை கிடைக்கும்; நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் ஓடும். கணினி இல்லாமலே இயங்குவதால் கார்புரேட்டர் எஞ்சினுக்குப் பொருந்தும். கிளட்ச் மிதிக்க முடியாத நம் மூத்த உறுப்பினர்களும் இந்தக் காரை ஓட்ட வேண்டும் என்பதே எனக்கு முதல் காரணம்.

எஞ்சின் ஏற்றிய வேலை சுலபமாகவே முடிந்தது. ஃப்ளைவீலுக்குப் பதில், எஞ்சினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு இணைக்கும் பிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய பல்தட்டைத் தேடும்போதுதான் முதல் தடங்கல். இந்த எஞ்சின் வகையில் 1986 முதல், எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் பின்பக்கச் சீல் ஒரே துண்டாக மாறியது. அத்தோடு கிராங்கில் போல்ட் துளைகள் அமைந்த வட்டமும் சிறுத்துவிட்டது. நம்முடையது அதற்கு முந்தையது. முதலில் கிடைத்த பிளேட் பிந்தைய எஞ்சினுக்கானது என்பதால் உட்காரவே மறுத்தது. பல் எண்ணிக்கையிலும் 153, 168 என்று இரண்டு உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் அதற்கேற்ப இருக்க வேண்டும். சரியான பிளேட் கைக்கு வர ஒரு மாதம் ஆயிற்று.

அந்தக் காத்திருப்பின் அவசரத்தில்தான் தவறு நேர்ந்தது. தவறு என்னுடையது.

எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், கியர்பாக்ஸுக்குள் மூன்று படிகளாக இறங்க வேண்டும். இன்புட் ஷாஃப்டின் பற்கள் ஒன்று, ஸ்டேட்டர் குழாயின் பற்கள் மற்றொன்று, கடைசியாகக் கியர்பாக்ஸின் ஆயில் பம்பைச் சுழற்றும் நாக்குகள். இரண்டு படி இறங்கினாலே எல்லாம் பொருந்திவிட்டதுபோலத் தெரியும். அன்று மாலை கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்தபோது, கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. ‘போல்ட் போட்டு முறுக்கினால் தானாக வந்து சேரும்’ என்றேன். ஸ்பேனரும் என் கையில்தான் இருந்தது. மூன்றாவது சுற்றில் உள்ளேயிருந்து சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். அதன்பின் கன்வெர்ட்டரைக் கையால் சுழற்றிப் பார்த்தோம், அசையவில்லை. எல்லாவற்றையும் இறக்கித் திறந்தபோது பம்பின் ரோட்டர் இரண்டாகப் பிளந்திருந்தது. ஓடாத ஒரு கியர்பாக்ஸை ஓடுவதற்கு முன்பே உடைத்துவிட்டோமே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர், பணியிலிருந்து ஓய்வுபெற்ற மெக்கானிக், மறுநாளே வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பம்பை மாற்றியபின் கியர்பாக்ஸை வால் கீழாக நிமிர்த்தி நிறுத்தச் சொன்னார். கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, ஹப்பில் சிறிது தடவி, அதன் எடையாலேயே இறங்கும்படி மெல்லத் திருப்பினார். ஒரு ‘டொக்’. சற்றுத் திருப்பியதும் இன்னொன்று. நாங்கள் போதும் என்று நினைத்த இடத்தில் அவர் நிறுத்தவில்லை. பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். மூன்றாவது ‘டொக்’ கேட்டது, கன்வெர்ட்டர் கண்ணுக்குத் தெரிய இன்னும் உள்ளே போனது. அந்தச் சத்தத்தை அங்கிருந்த எவரும் மறக்க மாட்டோம்.

இம்முறை பெல் ஹவுசிங் வழிகாட்டும் இரண்டு டோவல் பின்களில் வழுக்கிக்கொண்டு வந்து, போல்ட் எதுவும் இல்லாமலே பிளாக்கோடு ஒட்டிக்கொண்டது. கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுழன்றது. அதற்கும் பிளெக்ஸ் பிளேட்டுக்கும் இடையே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நான்கு மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டைச் செருகிப் பார்த்தார். இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. அதன் பிறகே கன்வெர்ட்டரை முன்னால் இழுத்துப் போல்ட் போட்டோம். அந்த டிரில் பிட் இப்போது சங்க அறையில் ஆணியில் தொங்குகிறது. வேறு வேலைக்கு யாரும் அதை எடுக்க வேண்டாம்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறுக்கினோம். கியர்பாக்ஸின் வாலுக்குள் நுழையும் அதன் நுகத்தை முழுதாக உள்ளே தள்ளி, இருபத்தைந்து மில்லிமீட்டர் வெளியே இழுத்து, சக்கரங்களில் எடை இருக்கும்போது அளவு எடுத்தோம். கியர்பாக்ஸின் வால் மூன்று டிகிரி தாழ்ந்திருக்கிறது. பின் ஆக்ஸிலின் பினியன் அதற்கு இணையாக நிற்கிறது. கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பரைப் புதிதாக வெல்டிங் செய்தோம். தனி ஆயில் கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினோம்.

கார்புரேட்டரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் த்ராட்டில் வால்வு கேபிளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் இதைக் கியர் மாறும் நேரத்தைத் திருத்தும் கம்பி என்று நினைக்கிறார்கள். இந்தக் கியர்பாக்ஸில் உள் ஆயில் அழுத்தத்தையே அதுதான் தீர்மானிக்கிறது. தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். சில கிலோமீட்டர் போதும். நம் கார்புரேட்டர் லீவரில் துளை தவறான தூரத்தில் இருந்தது. சரியான பிராக்கெட் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் கேபிளும் முழுதாக இழுபடுகிறதா என்று பார்த்து, பிரஷர் கேஜ் மாட்டி உறுதிசெய்த பிறகே காரைச் சாலையில் இறக்கினோம். ஒரு வாரம் தாமதமானதை எண்ணிப் பொறுமையிழந்த உறுப்பினர்களிடம் இன்றும் அதையே சொல்வேன்: அந்த வாரம் வீணாகவில்லை.

கார் இப்போது ஓடுகிறது. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறுவதைக் காதால்தான் அறிய முடிகிறது, உடம்பு உணர்வதில்லை. முட்டி வலியால் ஆறு ஆண்டுகளாகக் கார் ஓட்டாத நம் முன்னாள் தலைவர் முதல் சுற்றை ஓட்டினார். இறங்கும்போது அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்ததைப் பார்த்தேன். ஸ்பீடாமீட்டர் இன்னும் தவறாகக் காட்டுகிறது. அதன் சிறு பல்சக்கரத்தை மாற்ற வேண்டும்.

நிறைவாக, செயற்குழுவின் சார்பில் ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். சங்கத்தின் எந்த வேலையிலும், கன்வெர்ட்டரைக் கையால் சுழற்றி, இடைவெளியை அளந்து, அந்த எண்ணைப் பணிப் பதிவேட்டில் இருவர் கையெழுத்துடன் எழுதும்வரை பெல் ஹவுசிங் போல்ட்டை யாரும் முறுக்கக் கூடாது. செயலாளர் உட்பட. இதை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்