புதன்கிழமை ஜெபத்துக்கு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள், ஐயா

அன்புள்ள போதகர் ஐயா அவர்களுக்கும், மூப்பர் குழுவில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் வாசிக்கப்பட்ட அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதன்கிழமை ஜெபக்கூட்டம் இனி நிரந்தரமாகவே ஆன்லைனில் நடக்கும், அந்த நேரத்தில் ஜெப மண்டபம் சபையின் சேனலுக்கான ஒளிப்பதிவுக்குப் பயன்படும் என்று வாசித்தார்கள். சிலர் கைதட்டவும் செய்தார்கள். இதற்கு முன் மண்டபத்தைத் திறக்கச் சொல்லி யார் யார் வந்து கேட்டோம், கமிட்டியில் என்ன சொன்னீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை மறுபடி எழுதி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன். நேரில் கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம் சிஸ்டர்" என்ற பதிலே வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று. தப்பாக நினைக்க வேண்டாம்.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். மைக் வேண்டாம், திரை வேண்டாம், பாட்டுக் குழு வேண்டாம். போனை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து முழங்காலில் நிற்க ஓர் இடம் கொடுத்தால் போதும்.

2020-ல் கதவைப் பூட்டியதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஊர் உலகமெல்லாம் பூட்டிக் கிடந்த நேரம் அது. அன்றைக்குப் போன் வழியாகவாவது ஒருவர் குரலை ஒருவர் கேட்க முடிந்ததற்குக் கர்த்தரைத் துதித்தோம். ஆனால் உலக சுகாதார நிறுவனமே 2023 மே 5-ஆம் தேதி அந்த அவசரநிலை முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டது. கல்யாணங்கள் நடக்கின்றன, கமிட்டித் தேர்தல் நடக்கிறது, ஆண்டு விழாவுக்கு நாற்காலி பத்தாமல் வெளியே பந்தல் போடுகிறோம். புதன்கிழமைக்கு மட்டும் இன்னும் கொள்ளைநோய் போகவில்லை.

"வீட்டில் இருந்தே ஜெபிக்கலாமே, வசதிதானே" என்று ஒரு மூப்பர் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எங்கள் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்களுக்கு இருப்பது ஓர் அறையும் அதையொட்டிய சமையலிடமும். மாமியார் படுத்த படுக்கையாக இருப்பது அந்த அறையில். பிள்ளைகள் படிப்பதும் சண்டை போடுவதும் அதே அறையில். வேலை முடிந்து வரும் கணவர் காலை நீட்டுவதும் அங்கேதான். ஜெபம் பண்ணும்போது உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று ஆண்டவர் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். எங்கள் வீட்டில் பூட்டக்கூடிய கதவு தெருக்கதவு ஒன்றுதான். அதைப் பூட்டினால் மொத்தக் குடும்பமும் என்னோடு உள்ளே இருக்கும்.

போன புதன்கிழமை நடந்ததையே சொல்கிறேன். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். ஒரு சகோதரி வியாதியாய் இருக்கிறவர்களுக்காகக் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தார். பாதி ஜெபத்தில் அவர் முகத்துக்கு மேலே, "உங்களுக்கான கடன் தயார், இப்போதே பெறுங்கள்" என்று ஒரு பட்டை இறங்கியது. தள்ளிவிடக் கையை நீட்டினேன், விரல் எங்கே பட்டதோ, கடன் விண்ணப்பமே திறந்துகொண்டது. அதை மூடிவிட்டுத் திரும்ப ஜெபத்துக்கு வந்தால், யாரோ மைக்கை அணைக்காமல் விட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு டிவியில் ஒரு சீரியல் பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். ஜெபிக்கிற சகோதரியின் அழுகை எது, சீரியல் அழுகை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடத்துகிறவர் "மியூட் பண்ணுங்க, மியூட் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் என் பெரிய மகன், "அம்மா, ஹோம்வொர்க் குரூப்ல போட்டிருக்காங்க, ஒரு நிமிஷம் குடுங்க" என்று போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் ஆமென் சொன்னபோது எதிரே சுவர்தான் இருந்தது.

இதை ஜெபக்கூட்டம் என்று வருகைப்பதிவில் எழுதிக்கொள்கிறோம். அன்றைய எண்ணிக்கையில் நானும் இருந்திருப்பேன்.

மனம் அலைபாய்வதற்குப் போன் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 1,600 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பேராயர் அகுஸ்தீனுக்குப் போன் கிடையாது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பல்லி ஈயைப் பிடித்தாலே தன் கவனம் அதன் பின்னால் போய்விடுகிறது என்று அவர் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய பரிசுத்தவானுக்கே ஒரு பல்லி போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் பல்லிக்கு அவரைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற நோக்கம் இல்லை. நம் கையில் இருப்பது அந்த நோக்கத்துக்காகவே செய்யப்பட்ட பொருள். கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் திரையை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், அதற்காகப் பின்னாளில் வருத்தப்பட்டுப் பேசினார். செய்தவரே வருத்தப்படுகிற பொருளுக்குள் நம் ஜெபத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "விசுவாசிகளுக்கு ஜெபத்தில் பாரம் குறைந்துவிட்டது" என்று ஞாயிற்றுக்கிழமை கடிந்துகொண்டால் நாங்கள் என்ன செய்வது?

பின்வாங்கிப் போவதைப் பற்றி நீங்கள் அடிக்கடி பிரசங்கிக்கிறீர்கள். உலக ஆசையால் பவுலை விட்டுப் போன தேமாவைச் சொல்வீர்கள், திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவியைச் சொல்வீர்கள். எனக்கு அவர்களைவிட லூக்கா 14-ல் வரும் மூன்று பேர்தான் பயத்தைக் கொடுக்கிறார்கள். விருந்துக்கு அழைத்தபோது ஒருவன் வயல் வாங்கியிருந்தான், ஒருவன் ஐந்து ஏர்மாடு வாங்கியிருந்தான், ஒருவனுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒருவனும் குடிக்கப் போகவில்லை, சூதாடப் போகவில்லை. வயலும் மாடும் குடும்பமும் எல்லாருக்கும் வேண்டியவைதானே. யாரும் ஆண்டவரை மறுதலிக்கவும் இல்லை, இரண்டு பேர் மரியாதையாக "என்னை மன்னிக்க வேண்டும்" என்றும், ஒருவன் வர முடியாது என்றும்தான் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறோம், ஐயா. சபையில் யாரும் விசுவாசத்தை விட்டுவிட்டதாக அறிக்கையிடவில்லை. ஒரு மெசேஜ், ஒரு பில், பிள்ளையின் ஃபீஸ், அப்புறம் யாரோ அனுப்பிய ஒரு வீடியோ. படுக்கப் போகும்போது அன்றைக்கு ஆண்டவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்பது நினைவுக்கு வரும். அதற்குள் தூக்கம் வந்துவிடும்.

இதிலிருந்து எங்களைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் புதன்கிழமைதான். வாரத்தில் ஒரு மணி நேரம் யாரும் எங்களைக் கூப்பிட முடியாது. மண்டபத்தில் விளக்கைக்கூடப் பாதிதான் போடுவோம். முதல் கால் மணி நேரம் மனம் வீட்டையும் கடனையும் சுற்றிவிட்டுத்தான் வரும், அதை மறைக்கவில்லை. அதற்கு அப்புறம் ஒரு கட்டத்தில் அடங்கும். பக்கத்தில் இன்னொருவர் முணுமுணுவென்று ஜெபிப்பது காதில் விழும். அந்தச் சத்தமே நம்மையும் எழுந்து போகாமல் உட்கார வைக்கும். நான் தனியாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவேன். இதை எந்தச் செயலி கொடுக்கும்?

சூசன்னா வெஸ்லி அம்மாவை நீங்கள் தாய்மார் கூட்டத்தில் உதாரணமாகச் சொன்னீர்கள். 19 பிள்ளைகளைப் பெற்றவர், வீட்டில் ஒதுங்க இடமில்லாமல் தன் ஏப்ரன் துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்று சொல்வார்கள். "மனமிருந்தால் மார்க்கம் உண்டு, சகோதரிகளே" என்று முடித்தீர்கள். எல்லோரும் அல்லேலூயா சொன்னோம். அந்த அம்மாவின் மகன் ஜான் வெஸ்லி 1739-ல் பிரிஸ்டலில் என்ன செய்தார் என்பதையும் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அங்கே இருந்த விசுவாசிகளின் சங்கங்கள் கூடுவதற்கு ஒரு கட்டடம் எழுப்பினார். தலையில் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

நம் ஆண்டவரும் தலைசாய்க்க இடமில்லாமல்தான் இருந்தார். ஆனால் அவர் வனாந்தரத்துக்குத் தனித்துப் போனார், மலையின்மேல் ஏறினார். எங்களுக்கு மலையும் வனாந்தரமும் அந்த மண்டபம்தான். அதற்குத்தான் இப்போது பின்னணித் திரை கட்டி, விளக்கு மாட்டியிருக்கிறீர்கள். ஒளிப்பதிவாகப்போகும் முதல் தொடரின் தலைப்பையும் அறிவிப்பில் வாசித்தார்கள்: "அமர்ந்திருந்து அறிந்துகொள்ளுங்கள்." அமர்ந்திருக்க வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அமர்ந்திருப்பதைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறீர்கள். அதை நாங்கள் போனில் பார்க்க வேண்டும், பார்த்து முடித்ததும் மணியை அழுத்த வேண்டும், பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டும். காலையில் ஒரு வசனப் படம், மதியம் வாலிபர் வினாடிவினா, இரவு பத்து மணிக்குக் காணிக்கை நினைவூட்டல். உலகம் எங்களை விடாமல் கூப்பிடுகிறது என்று பிரசங்கிக்கிறீர்கள். சபையும் அதே மணிச் சத்தத்தில்தான் கூப்பிடுகிறது, ஐயா. எது யாருடைய அழைப்பு என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எடுத்துப் பார்த்தால் அரை மணி நேரம் போய்விடும்.

மன்னிக்கவும். வினாடிவினாவைப் பற்றிப் பேச வரவில்லை. அதை வாலிபர்கள் சந்தோஷமாகச் செய்கிறார்கள், செய்யட்டும். சேனலால் தூரத்தில் இருப்பவர்களும், வீட்டை விட்டு வர முடியாத முதியவர்களும் ஆசீர்வாதம் பெறுகிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. என் மாமியாரே ஞாயிறு ஆராதனையை அதில்தான் பார்க்கிறார். ஆன்லைன் ஜெபத்தை நிறுத்துங்கள் என்றும் கேட்கவில்லை. அது வேண்டியவர்களுக்கு இருக்கட்டும். வர முடிந்தவர்களுக்கு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஒளிப்பதிவுக்கு வாரத்தில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது. விளக்குகளையும் திரையையும் கழற்றி மாட்டுவது சிரமம் என்றால் அப்படியே இருக்கட்டும், நாங்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வோம். எதையும் தொட மாட்டோம்.

போதகர் ஒருவர் வந்து நடத்த வேண்டும் என்பதும் இல்லை. செய்தி வேண்டாம், சாட்சி நேரம் வேண்டாம். முன்னும் பின்னும் பெருக்கிச் சுத்தம் செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மின்கட்டணம் கவலையாக இருந்தால் அதையும் பகிர்ந்துகொள்கிறோம், மின்விசிறிகூட இல்லாமல் இருந்துவிடுவோம். போன்களை வைக்க வாசலில் ஒரு மேஜை போட்டால் நல்லது. வீட்டில் அவசரம் என்றால் கூப்பிட, காவலாளியின் எண்ணைக் கொடுத்துவிட்டு வருவோம்.

அடுத்த கமிட்டி கூடும்போது இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று முடிவு செய்தாலும் பரவாயில்லை, அதை ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். முடியும் என்றால், சாவியை யாரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். புதன்கிழமை மாலை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், முடிந்ததும் பூட்டித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
புதன்கிழமை ஜெபக்கூட்டத்துச் சகோதரி ஒருத்தி