அடுக்குகள் உதிர்ந்துபோகும் சூத்திரங்கள்: ஒரு புகார்

அனுப்புநர்: கணித ஆசிரியர், மதுரை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: உங்கள் கற்றல் தளத்தில் கணிதச் சூத்திரங்கள் தவறாக வருவது குறித்து.

ஐயா,

வணக்கம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். உங்கள் தளத்துக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, என் மாணவர்களையும் அதில் படிக்க வைத்தேன். பாட விளக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சூத்திரங்கள் திரையில் வரும் லட்சணத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3×10⁸ மீட்டர். உங்கள் கைப்பேசிச் செயலியில் அது 3×108 என்று வருகிறது. தேர்வுப் பகுதியில் '2⁵-ன் மதிப்பு என்ன?' என்ற கேள்வி, '25-ன் மதிப்பு என்ன?' என்று நிற்கிறது. பிள்ளைகள் 25 என்று போட்டால் தவறு என்று சிவப்பில் காட்டுகிறது. சரியான விடையாம் 32! இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அடுக்கைக் காட்டும் குறியை உங்கள் செயலி வழியிலேயே உதிர்த்துவிடுகிறது. கணிதம் தனக்கு வராது என்று ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் பிள்ளை, இதைப் பார்த்து என்ன நினைக்கும்?

பின்னங்களும் வர்க்கமூலங்களும் வெறும் படங்கள். பெரிதாக்கினால் மங்குகின்றன. என்னிடம் படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருத்தி, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துப் படிக்கிறாள். இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரம் வரும் இடத்தில் அவளுக்குக் கேட்பது 'படம்' என்ற ஒரே சொல். படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரைகூட நீங்கள் எழுதவில்லை. அதே சூத்திரம், இணையப் பக்கத்தில் கணிதத்தை எழுதுவதற்கான குறிமொழியான மேத்எம்எல்லில் இருந்தால், தொகுதி எது, பகுதி எது, மூலக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று திரைவாசிப்பானால் பிரித்துச் சொல்ல முடியும்.

உதவி மையத்தில் கேட்டதற்கு, 'உலாவியைப் புதுப்பியுங்கள்' என்றார்கள். புதுப்பித்தும் பார்த்தாயிற்று. மேத்எம்எல் 1998-லேயே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த தரம். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி உலாவிகள் பல ஆண்டுகளாக அதைக் காட்டுகின்றன. குரோமும் 2023 ஜனவரியில், 109-ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. கணிதம் தட்டச்சு செய்ய உதவும் லேடெக்ஸில் எழுதிப் பழகியவர்களுக்கு, அதை இணையப் பக்கத்தில் சூத்திரமாகக் காட்டும் மேத்ஜாக்ஸ், கேடெக் என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்புறம் உலாவியைக் குறை சொல்வதில் என்ன நியாயம்?

தேர்வுக் கேள்விகளை உடனே திருத்துங்கள். அதுவரை அந்தத் தேர்வுகளை நிறுத்தி வையுங்கள். தவறாகக் குறைத்த மதிப்பெண்களைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். படச் சூத்திரங்களை எப்போது மாற்றி முடிப்பீர்கள் என்று தேதி குறிப்பிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். முடியாதென்றால் மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்வேன். தவறாக வந்த பக்கங்களின் திரைப்பிடிப்புகளை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்