நன்றி மடல்: எங்கள் தந்தையாரின் நல்லடக்கத்துக்குத் துணைநின்றவர்களுக்கு

கொரியப் போரின்போது அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றிய எங்கள் தந்தையார் ஒரு புதன்கிழமை இரவு காலமானார். யூத முறைப்படி அடக்கத்தைத் தாமதிக்கலாகாது என்பதாலும், வெள்ளியன்று பொழுது சாயும்போதே ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பதாலும், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டிலுள்ள யூதக் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளி நண்பகலுக்குள் எல்லாம் நிறைவேற வேண்டியிருந்தது. எக்குறையுமின்றி அதை நிறைவேற்றித் தந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலில், இறந்தவர் உடலை யூத முறைப்படி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் குழுவான ஹெவ்ரா கதீஷாவின் தொண்டர்கள். உடலை நீராட்டி, பையே தைக்காத வெள்ளாடை உடுத்தி, வழிபாட்டுச் சால்வையின் குஞ்சம் ஒன்றை அறுத்துவிட்டு அதைப் போர்த்தி, எளிய மரப்பெட்டியில் கிடத்தியவர்கள் அவர்கள். அடக்கம்வரை முறைவைத்து அருகிலிருந்து வேதநூலின் சங்கீதப் பாக்களை ஓதியவர்களும் அவர்களே. சீருடையிலேயே அடக்கம் செய்யலாமா என்று தம்பி கேட்டபோது, தளபதியானாலும் சிப்பாயானாலும் எல்லோருக்கும் இதே ஆடைதான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். பதக்கங்கள் வீட்டில் இருக்கின்றன. அதுவே சரியென்று எங்களுக்கும் படுகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற யூதர்கள் 1896இல் நியூயார்க்கில் தொடங்கிய யூதப் போர்வீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையினருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். ராணுவ மரியாதை கோருவதற்கு டிடி-214 என்னும் பணிவிடுப்புச் சான்று தேவை என்பதே எங்களுக்குத் தெரியாது. பழைய கோப்புகளுக்கிடையே அதைத் தேடியெடுக்க உடனிருந்து, வியாழன் காலையிலேயே இறுதிச்சடங்கு நிலையத்தாரிடம் அவர்கள் சேர்ப்பித்திராவிட்டால், மறுநாள் படையினர் வந்திருக்க வழியில்லை.

வந்த இரு இளம் வீரர்களுக்கும், சடங்கின் வரிசையை அவர்களுடன் முன்னதாகவே பேசி முடிவுசெய்த யூத குரு ரபி அவர்களுக்கும் நன்றி. பெட்டிமீது போர்த்திய அமெரிக்கக் கொடி குழிக்குள் இறங்கக் கூடாது. ஆகவே மரியாதை முதலில் நடந்தது. ராணுவ அடக்கங்களில் ஊதுகொம்பில் வாசிக்கும் டாப்ஸ் இசை ஒலித்து ஓய்ந்ததும், சிவப்புக் கோடு சிறிதும் வெளியே தெரியாமல் நீலமும் நட்சத்திரங்களும் மட்டும் மேலே நிற்குமாறு கொடியை முக்கோணமாக மடித்து, அம்மாவின் முன் குனிந்து கொடுத்தார்கள். அதன்பிறகே பெட்டி இறங்கியது. மண்வெட்டியின் பின்புறத்தால் முதல் மண்ணை நாங்கள் இட்டோம்.

இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் என்னும் வேண்டுதலைச் சொல்ல யூதர் பத்துப் பேர் வேண்டும். வேலைநாளென்றும் பாராமல் வந்து அந்த எண்ணிக்கையை நிறைத்த அண்டை வீட்டாருக்கும், அடக்கத்துக்குப் பின் துக்கம் காக்கும் ஷிவா ஏழு நாளும் எங்கள் வீட்டு அடுப்பை மூட்டவிடாதவர்களுக்கும் நன்றி.

தாவீதின் நட்சத்திரம் பொறித்த நினைவுக்கல்லை அரசு செலவின்றித் தருகிறது. கல் திறப்பு நாள் முடிவானதும் தெரிவிப்போம். நீங்கள் அனைவரும் வர வேண்டும்.

இங்ஙனம்,
குடும்பத்தார்