மனுவைப் படித்துவிட்டுப் போ

கோத்தகிரி
தை முதல் வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். அம்மா காதில் விழுந்தது “மேனேஜர் திட்டுறாரு” என்பது மட்டும். என் காதில் விழுந்தது கடைசியில் நீ அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனது. “பேசாம நடிப்பை விட்டுட்டு இந்தப் போராட்ட வேலையிலயே முழுசா எறங்கிடலாமான்னு தோணுதுப்பா.” இதற்குப் போனில் பதில் சொல்லி மாளாது. இங்கே சிக்னல் எப்படி என்று உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ ஷூட்டிங் இடைவேளையில்தான் படிப்பாய். நடிப்பை விடாதே. சென்னையில் கூவம் கரையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்படுகிறவர்கள் கூப்பிட்ட கூட்டத்துக்கும் போ. ஆனால் போவதற்கு முன் அவர்களுடைய மனுவை முழுக்கப் படி. மிச்சத்தை ராத்திரி ரூமுக்குப் போய்ப் படித்துக்கொள்.

நீ ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது நான் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு ஃபேக்டரி கேட் முன்னால் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். மழைக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தோம், நீ ஸ்கூல் விட்டு நேராக அங்கேதான் வருவாய், பெண்கள் யாராவது உனக்குக் கட்டஞ்சாயா கொடுப்பார்கள். எதற்காக உட்கார்ந்தோம் என்பது உனக்கு அப்போது தெரிந்திருக்காது. ரிட்டையர் ஆனவர்கள் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கையில் வரும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வீட்டை விட்டால் போக இடமில்லை, பணம் வந்தால்தான் இடம் பார்க்க முடியும். கிராஜுவிட்டிக்கு அப்போது 1972 சட்டம். 5 வருஷம் வேலை பார்த்தவருக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி. வீட்டுக்கு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். இரண்டும் வேறு வேறு. இரண்டையும் முடிச்சுப் போட்டது தோட்டம். முடிச்சை அவிழ்க்கச் சொன்னோம், அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை.

முதல் சில நாள் ஒரு நிருபர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த நேரம் பக்கத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. அதில் நடித்த பெண் (பேர் வேண்டாம், இப்போது அவர் நடிப்பதும் இல்லை) விஷயம் கேள்விப்பட்டு மேக்கப்போடு வேனிலிருந்து இறங்கி வந்துவிட்டார். ஈரத் தரையில் பெண்களோடு உட்கார்ந்தார். ஒரு கிழவி கை விரலைக் காட்டினாள், கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்து வெடித்துப்போன விரல். அந்தப் பெண் அழுதுவிட்டார். நடிப்பில்லை, நான் கிட்டே இருந்து பார்த்தேன்.

பின்னாலேயே கேமராக்காரர்கள் வந்தார்கள். என்ன கேட்கிறார்கள் இவர்கள் என்று ஒருவர் அவரிடம் கேட்க, “கூலி உயர்வு கேக்குறாங்க, பாவம்” என்றார். மறுநாள் பேப்பரில் பெரிய படம், தேயிலைத் தொழிலாளர்களுடன் நடிகை என்று. கிராஜுவிட்டி என்ற சொல்லே இல்லை. லேபர் ஆபீசரோடு பேச்சுவார்த்தைக்குப் போனால் தோட்டத்துத் தரப்பு அந்தப் பேப்பரையே மேஜையில் விரித்துப் போட்டது. கூலி ஒப்பந்தம் போன வருஷமே கையெழுத்தாகிவிட்டது, இனிப் பேச என்ன இருக்கிறது என்றார்கள்.

அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். அவர் வந்துபோன அன்று சாயங்காலமே தாசில்தார் ஜீப் வந்தது. அதற்கு முன்பு நாங்கள் எத்தனை தந்தி, எத்தனை ரிஜிஸ்டர் தபால் அனுப்பியும் வராத ஜீப். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மனு என் சட்டைப் பையில்தான் இருந்தது, இரண்டே பக்கம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நீ இந்தி நடிகை ஷபானா ஆஸ்மியைப் பற்றிக் கேட்டிருந்தாய், அவர் எப்படி இரண்டையும் சமாளித்தார் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1974-இல் வந்த முதல் படத்துக்கே தேசிய விருது வாங்கியவர். மிருணாள் சென் இயக்கத்தில் அவர் நடித்த படம் 1986-இல் கான் விழாவில் போட்டிக்குப் போயிருந்தது. அதே வருஷம்தான் பம்பாயில் சஞ்சய் காந்தி நகர் என்ற குடிசைப் பகுதியை இடித்துத் தள்ளினார்கள். ஆவணப்படம் எடுக்கும் ஆனந்த் பட்வர்தனும் குடிசைக்காரர்களும் இருந்த உண்ணாவிரதத்தில் ஷபானாவும் உட்கார்ந்தார். ஐந்து நாள். கோரிக்கை ஒன்றே ஒன்று, இடித்த வீட்டுக்குப் பதில் மாற்று நிலம். கோரேகாவ் பக்கம் நிலம் கிடைத்தது.

எனக்கு அந்த ஐந்து நாளைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிறகு நடந்தது. போட்டோ எடுத்தவர்கள் எல்லாம் போன பிறகும் அவர் குடிசைக்காரர்களின் வீட்டு உரிமைக்கான நிவாரா ஹக் அமைப்பில் இருந்தார். வருஷக்கணக்கில் கமிட்டி, மனு, நீதிமன்றம் என்று இழுக்கிற வேலை அது, கேமராவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பின்னாளில் சண்டிவலியில் சங்கர்ஷ் நகர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு எழும்பியதில் அந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. 1989-இல் மதக் கலவரத்துக்கு எதிராக டெல்லியிலிருந்து மீரட்டுக்கு நான்கு நாள் நடந்தே போனார். 1997-இல் ராஜ்யசபாவுக்கு நியமனம் ஆனார். இத்தனைக்கும் நடுவில் படத்தை விடவில்லை. 1999-இலும் தேசிய விருது வாங்கியிருக்கிறார், அது ஐந்தாவது.

உண்ணாவிரதத்தின்போது அவருடைய அப்பா, கவிஞர் கைஃபி ஆஸ்மி, ‘வாழ்த்துகள் தோழரே’ என்று தந்தி அடித்தாராம். ஷபானாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நானும் சங்கத்துக்காரன்தான். ஆனாலும் நீ பட்டினி கிடந்தால் எனக்குத் தோழர் என்றெல்லாம் வராது பாப்பா, கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

நடிகை நந்திதா தாஸை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 2002 படத்தில் அகதியாக ராமேஸ்வரம் வந்து பிள்ளை பெறுகிற பெண்ணாக வருவாரே, அதை அப்பாயி டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்பாள். அவர் சமூகப்பணியில் முதுகலை படித்தவர். படத்துக்கு வருவதற்கு முன்பே சனங்களோடு வேலை பார்த்திருக்கிறார், அதனால் எந்த மேடையில் ஏறினாலும் இரவல் வாங்கிப் பேசுகிற மாதிரி இருக்காது. நிறத்தைப் பற்றி அவர் எழுதியதை நீதான் எனக்கு அனுப்பினாய். படித்த, வசதியான வீட்டுப் பெண் வேஷம் என்றால் கொஞ்சம் வெளுப்பாக்கிவிடலாம் என்று கேமராக்காரர்கள் தன்னிடம் சொல்வார்கள் என்று. உன்னிடமும் ஒருவர் சொன்னதாக அழுதாயே. நந்திதா அதை ஒரு பிரச்சாரத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் பேசினார். அந்தப் பிரச்சாரம் 2009-இல் சென்னையில் ஒரு பெண்கள் அமைப்பு தொடங்கியது, நந்திதா 2013-இல் போய்ச் சேர்ந்தார். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தார் என்பதைக் கவனி. தன் பெயரில் தனியாக ஒரு கடை போடவில்லை.

இனி, பேசுவதற்குக் கொடுக்கிற விலை. நம்ம கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவிக்கு 2022-இல் நடந்ததை இங்கே டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள். ஒரு பட விளம்பரப் பேட்டி. மதத்தின் பேரால் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதற்கு ஹைதராபாத்தில் போலீஸ் புகார், பிறகு அவர் வீடியோ போட்டு விளக்க வேண்டியதாயிற்று. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, நான் இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் பேட்டி என்பது நாலு படம், நாலு சாப்பாடு, நடுவில் ஒரு நாட்டுப் பிரச்சினை என்று கேள்வி வருகிற இடம். அதில் உயிர் போகிற விஷயத்தைப் பேசினால் அரை நிமிஷத் துண்டாக வெட்டிப் போட்டுவிடுவார்கள். பேச வேண்டியதை அதற்கென்று போட்ட மேடையில் பேசு. பட விளம்பரத்தில் கேட்டால், ‘இதைப் பற்றி இன்ன தேதியில் இன்ன இடத்தில் பேசுகிறேன், வாருங்கள்’ என்று சொல். கூட்டத்துக்கும் ஆள் வரும்.

மலையாளத்தில் நடிகை பார்வதி கதை இன்னும் நீளம். 2017 பிப்ரவரியில் ஒரு நடிகைக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு அவரும் மற்றப் பெண்களும் சேர்ந்து சினிமாப் பெண்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரிக்க ஹேமா கமிட்டி போட வைத்தார்கள். கமிட்டி 2019 டிசம்பர் கடைசியில் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்ட் 19. இடையில் எத்தனை வருஷம் என்று நீயே கணக்குப் போடு. ஒரு பெரிய ஹீரோ படத்தில் பெண்களைப் பேசிய விதத்தைக் கண்டித்ததற்காக பார்வதி வாங்கிய வசவுக்கும் மிரட்டலுக்கும் ஆட்களைக் கைதுசெய்யும் அளவுக்குப் போனது. பேசிய பிறகு வாய்ப்புகள் போயின என்று அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆகவே உன் மேனேஜர் பயப்படுவதைக் கோழைத்தனம் என்று நினைக்காதே. அவர் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. பேசப் போகிறாய் என்றால் முதலில் ஆறு மாச வாடகையை பாங்கில் ஒதுக்கி வை. ஈஎம்ஐயில் கார் வாங்குகிற யோசனையைத் தள்ளிப்போடு. இது அம்மாவின் யோசனை, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

நடிகை ரோகிணியைப் பார். சின்னக் குழந்தையிலிருந்து நடிக்கிறார். டப்பிங் பேசுகிறார், பாட்டு எழுதுகிறார், தமுஎகச (முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) மேடைகளிலும் நிற்கிறார். நாளைக்கு ஒரு கதவு சாத்தினாலும் இன்னொரு தொழில் கையில் இருக்கிறது. நீ டப்பிங் யூனியன் கார்டு எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று எத்தனை நாளாகச் சொல்கிறாய்.

நடிப்பை விடாதே என்று நான் சொல்வதற்குக் காரணம் சம்பளம் மட்டுமில்லை. அந்தக் கூவம் கரை மனிதர்கள் உன்னைக் கூப்பிட்டது எதற்கு? அவர்களிடம் வக்கீல் இருக்கிறார், சர்வே எடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள், நோட்டீஸ் அடிக்க ஆள் இருக்கிறது. இல்லாதது ஜீப்பை வரவழைக்கிற முகம். நடிப்பை விட்டுவிட்டு முழுநேரமாகப் போனால் நல்ல தொண்டர்களில் நீயும் ஒருத்தியாக இருப்பாய், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது வேறு.

இந்த வீடு பிடுங்குகிற சமாச்சாரம் நமக்குப் புதிதும் இல்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது இலங்கை மலையகத்தில் இந்திய வம்சாவளிக்காரர்கள் 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்து, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஹட்டன் பக்கத்து லயத்தில் இருந்த உன் அப்பாயியிடம், எங்கே இருக்க விரும்புகிறாய் அம்மா என்று கேட்டுவிட்டா கையெழுத்துப் போட்டார்கள்? தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது நான் சிறுவன். மண்டபம் கேம்ப், அங்கிருந்து நீலகிரி. இன்றைக்கும் மார்க்கெட்டில் நம்மை ‘சிலோன்காரங்க’ என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள், உன் படம் தியேட்டரில் ஓடின பிறகும்.

அதனால்தான் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்படுகிறவர்களிடம் நீ போகும்போது முதலில் கேட்க வேண்டியதைக் கேள் என்கிறேன். போக விரும்புகிறார்களா, அங்கேயே பக்கத்தில் இடம் கேட்கிறார்களா, இல்லை, போகத் தயார், ஆனால் பள்ளிக்கூடம் நடக்கிற மாசத்தில் இடிக்காதே என்கிறார்களா? மீன் கூடையும் வீட்டு வேலையும் நகரத்துக்குள் இருக்கும்போது பஸ்ஸுக்கு எவ்வளவு போகும்? ஒதுக்கீட்டு ஆணை யார் பேரில், புருஷன் பேரிலா, அவள் பேரிலா? இந்த மூன்றுக்கும் மனுவில் பதில் இருக்கிறதா பார். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல். மேடையில் உன்னை முதலில் பேசச் சொல்வார்கள், கேமரா இருக்கிற நேரம் அதுதான் என்று. ஒத்துக்கொள்ளாதே. அந்தக் கரையில் குடியிருக்கிற ஒரு பெண்ணை முதலில் பேச விடு, உனக்காகக் கேமரா காத்திருக்கும். நீ பேசும்போது கோரிக்கையை அவர்கள் எழுதிய வார்த்தையிலேயே வாசி. கண்ணீர் வந்தால் வரட்டும், வாசித்து முடித்த பிறகு வரட்டும்.

இங்கே பனி கடுமை. கீழ்த் தோட்டத்தில் மிலார்ச் செடி வெட்டித் தேயிலையை மூடியிருக்கிறார்கள், மூடாத இடமெல்லாம் கருகிவிட்டது. அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, தைலம் போடுகிறாள், நீ கவலைப்பட்டு அவளிடம் கேட்காதே, நான் சொன்னேன் என்று என்னைத் திட்டுவாள். கேரட்டும் வர்க்கியும் பார்சல் போட்டிருக்கிறேன், வர்க்கியை யூனிட்டில் எல்லோருக்கும் கொடு, அந்த மேனேஜருக்கும்.

மனுவை போட்டோ பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. தோட்டச் சட்டம் அளவுக்கு நகரத்துச் சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் எந்த அதிகாரிக்கு நகல் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றாய். வெள்ளிக்குள் அனுப்பு.

அன்புடன்,
அப்பா