திறவுக்குறி தர மறுப்பது, பேட்டரி மாற்றக் கொடுத்த கைப்பேசியை முடக்கியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
கைப்பேசி பழுதுபார்ப்புக் கடை,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
நகல்: மேலாளர், ஈப்போ சேவை மையம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்தப் புகாரின் எண் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ஒன்றல்ல, வரிசையாக இருக்கும். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் உங்கள் ஆள்கள் பழையதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கிறார்கள். மூடிய ஒவ்வொன்றின் கீழும் "தீர்க்கப்பட்டது" என்று போட்டிருக்கிறது. எதைத் தீர்த்தீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மாடலை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்னாப்டிராகன் 660, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில், பிள்ளைகளின் இணைய வகுப்புக்கென்று இந்த வட்டாரத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு வாங்கிய போன் அது. திரை நன்றாக இருக்கிறது, போர்டு நன்றாக இருக்கிறது, பேட்டரி மட்டும்தான் உப்பும். ஆனால் உங்கள் அப்டேட் ஆண்ட்ராய்டு 9-உடன் நின்றுபோனது. மேற்கொண்டு அப்டேட் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதை லினேஜ் ஓஎஸ் தருகிறது. 2016 டிசம்பரில் சயனோஜென்மோட் என்ற ஆண்ட்ராய்டு வகை மூடப்பட்டபோது, அதே நிரலை வைத்துத் தன்னார்வலர்கள் தொடங்கிய இயங்குதளம் அது. உங்கள் மாடலையும் அவர்களில் ஒருவர் சம்பளம் வாங்காமல் பராமரிக்கிறார். நீங்கள் செய்ய வேண்டிய வேலையை வேறொருவர் இலவசமாகச் செய்கிறார். உங்களிடம் நாங்கள் கேட்பது, வேறு இயங்குதளத்தை ஏற்ற விடாமல் பூட்டியிருக்கும் பூட்லோடரை, அதாவது போனைத் துவக்கும் நிரலை, திறக்கும் குறியை மட்டும்தான்.

முறையும் உங்களுடையதுதான், உங்கள் ஆதரவுப் பக்கத்தில் நீங்களே எழுதி வைத்தது. *#06# அழுத்திப் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, வரிசை எண்ணோடு பக்கத்தில் பதிந்தால் மின்னஞ்சலில் திறவுக்குறி வரும். பில்டு எண்ணை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷனில் ஓஇஎம் அன்லாக்கிங்கைப் போட்டு, ஃபாஸ்ட்பூட் என்ற துவக்க நிலையில் நிறுத்திக் கணினி வழியாகக் குறியை அனுப்ப வேண்டும். போனில் உள்ள தரவெல்லாம் அழியும். திருடன் கையில் கிடைத்தால் எதையும் எடுக்க முடியாதபடி அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் குறை சொல்லவில்லை. இப்போது எந்த எண்ணைப் போட்டாலும் "இந்தச் சாதனத்துக்கு ஆதரவு இல்லை" என்று வருகிறது. வீட்டை விற்று முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போவதற்கு என்ன பெயர்?

தொலைபேசியில் ஒருவர் கேபிள் சரியில்லை என்றார். ரைசன் கணினிகளில் யூஎஸ்பி 3 துளையில் ஃபாஸ்ட்பூட் பாதியில் தொங்குவது உண்டு. நடுவே ஒரு யூஎஸ்பி 2.0 ஹப் வைத்தால் சரியாகிவிடும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். குறியே வராதபோது கேபிளை மாற்றி என்ன ஆகப் போகிறது? இன்னொருவர், பவர் பொத்தானையும் வால்யூம் பொத்தானையும் சேர்த்து அழுத்தி ரிக்கவரி என்ற மீட்பு நிலைக்குப் போய் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், பக்கம் சரியாகிவிடும் என்றார். உங்கள் சர்வரில் உள்ள கோளாறுக்கு எங்கள் போனை ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, செய்தால்தான் புகாரை மேலே அனுப்ப முடியும் என்று பிடிவாதம். வேறு வழியின்றி ஒரு போனில் செய்தோம். ரிக்கவரி வழியாக அழித்தால் கூகுள் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் என்பது உங்கள் ஆளுக்குத் தெரியாதா? முதலில் அமைப்புகளில் கணக்கை நீக்கிவிட்டு, அங்கிருந்தே ரீசெட் செய்ய வேண்டும். இரண்டாம் கையாக வாங்கிய போன் அது; முதல் உரிமையாளர் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வங்காளதேசம் திரும்பிவிட்டார். அவருடைய கடவுச்சொல்லை எங்கே போய்த் தேடுவது? அந்தப் போன் இன்னும் "கணக்கைச் சரிபார்க்கவும்" என்ற திரையோடு மேசையில் கிடக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈப்போ முகப்பில் நடந்ததை மட்டும் பொறுக்க முடியாது.

முதலில், வேறொரு போனுக்குப் பேட்டரி மாற்ற வரச் சொன்ன நாளில் வந்தால் கதவில் "சரக்குக் கணக்கெடுப்பு, இன்று மூடப்பட்டுள்ளது" என்று ஒரு தாள். வரச் சொன்னது உங்கள் அழைப்பு மையம். போகட்டும். திறந்திருந்த நாளில் முகப்பில் இருந்த உங்கள் ஊழியர் தமிழ்ப் பெண்தான். போனை இயக்கியதும் லினேஜின் வட்டச் சின்னம் ஓடியதைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, எஸ்டேட்டுல இருக்கிறவங்களுக்கு ஆண்ட்ராய்டு அப்டேட்டு எதுக்கு? யூடியூப் ஓடினா போதாதா? ஐந்நூறு வெள்ளி போட்டா புதுசே எடுத்துரலாம்." பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னார். அந்தப் போனுக்குச் சொந்தக்காரரும் பக்கத்திலேயே நின்றார். எஸ்டேட் என்றால் என்ன நினைத்தீர்கள்? அங்கே எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளைகள் இல்லையா? ஐந்நூறு வெள்ளி ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் கூலி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருக்குப் பயிற்சி கொடுத்த உங்களுக்குமா தெரியாது? மன்னிப்பு எழுத்தில் வேண்டும். அதுவும் எங்களுக்கு வேண்டாம், போனின் சொந்தக்காரருக்கு.

அன்று கொடுத்தது பேட்டரி மாற்ற மட்டும். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, காசு கொடுத்துச் செய்த வேலை. பூட்லோடர், உங்கள் பக்கம் வேலை செய்த காலத்தில் உங்கள் குறியால் முறைப்படி திறந்தது. கொடுக்கும்போது போன் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியதைப் பார்த்துத்தானே உங்கள் ஊழியர் சிரித்தார். திரும்பி வந்தபோது கறுப்புத் திரை. "போர்டு செத்துவிட்டது, 680 வெள்ளி" என்றார்கள். எங்கள் கடையில் செருகியதும் கணினியில் "குவால்காம் க்யூடிலோடர் 9008" என்று தெளிவாகக் காட்டியது. அது சிப்பின் அவசர மீட்பு நிலை. செத்த போர்டு தன் பெயரைச் சொல்லுமா?

வேலைச்சீட்டில், பேட்டரிக்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு வரி: "சாப்ட்வேர் ரீலோட்". பக்கத்தில் பதிப்பு எண். போனில் ஏற்கெனவே இருந்த ஃபர்ம்வேரைவிட, அதாவது உங்கள் அடிப்படை மென்பொருளைவிட, அது பழையது. உங்கள் தொழில்நுட்பரிடம் கேளுங்கள், கேட்ட மாத்திரத்தில் தலையில் கை வைப்பார். பின்னோக்கிப் போகாமல் இருக்க நீங்கள் சிப்புக்குள் எரித்து வைத்த ஃபியூஸ் எண் கூடுமே தவிரக் குறையாது. பழைய பூட்லோடரைப் பதித்தால், போன் எழும்போது சிப் அதன் எண்ணைப் பார்த்து மறுத்துவிட்டு 9008 நிலைக்கு இறங்கிக்கொள்ளும். நடந்தது அதுதான். இதற்கு மருந்தும் உங்களிடம்தான் இருக்கிறது: நீங்கள் கையொப்பமிட்ட ஃபயர்ஹோஸ் கோப்பு. அது இருந்தால் கடைசி ஃபர்ம்வேரை ஏற்றிவிடலாம், கால் மணி நேர வேலை. அதை வெளியில் தர மாட்டீர்கள். சரி, உள்ளேயே செய்யுங்களேன்.

அதைச் செய்யாமல் எங்கள் மேலேயே பழியைப் போட்டு ஒரு மின்னஞ்சல். போனோடு நாங்கள் கொடுத்திருந்த நிறுவல் பதிவில், கணினியிலிருந்து போனுக்கு ஏற்றும் ஏடிபி சைடுலோட் 47 விழுக்காட்டில் நிற்கிறதாம், அதனால் நிறுவல் பாதியில் அறுந்து போன் கெட்டதாம். 47-இல் நின்றாலும் நிறுவல் வெற்றியாக முடிந்திருக்கலாம் என்று லினேஜின் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. போனின் திரையில் பிழை எதுவும் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம். பாதியில் அறுந்த நிறுவல் உங்கள் முகப்பு வரை வந்து சின்னத்தைக் காட்டியது எப்படி?

வங்கிச் செயலி பற்றியும் அதே மின்னஞ்சலில் எச்சரித்திருக்கிறீர்கள், நன்றி. பூட்லோடர் திறந்த போனில் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி பாதுகாப்புச் சோதனையில் சில செயலிகள் மறுக்கும் என்பதையும், படங்களுக்கான நகல் பாதுகாப்பான வைட்வைன் எல்1 போய் எல்3-க்கு இறங்கிப் படங்கள் தெளிவு குறைந்து ஓடும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறோம். கூகுள் தொகுப்பு வேண்டுமென்றால் லினேஜை ஏற்றிய கையோடு, முதல் முறை திறப்பதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும் என்பதுவரை தாளில் எழுதிக் கொடுக்கிறோம். நீங்கள் எதையாவது எழுதிக் கொடுத்தீர்களா?

விட்டுப்போன ஒன்று, உண்மையில் இதுதான் பெரியது. இந்நாட்டில் 2021 கடைசியில் 3ஜி நிறுத்தப்பட்டது. வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே பேசும் வசதி, இல்லாத போன் 4ஜியில் இருக்கும்போது அழைப்பு வந்தால் 2ஜிக்கு இறங்கித்தான் பேச வேண்டும். லினேஜில் வோல்ட்டி சரியாக ஓட, உங்கள் கடைசி ஃபர்ம்வேரில் உள்ள மோடம் பகுதியும் ஐஎம்எஸ் கோப்புகளும் வேண்டும். அந்தத் தொகுப்பை உங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். அறியாத தளங்களில் கிடைக்கும் நகலை நம்பி ஒரு குடும்பத்தின் போனில் ஏற்றச் சொல்கிறீர்களா? இயங்குதளத்தின் கருவான கெர்னலின் மூலநிரலும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 8-க்கு உள்ளதைப் போட்டுவிட்டு 9-க்கு உள்ளதை விட்டுவிட்டீர்கள். போட்டதிலும் டெஃப்கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பு இல்லை, தொடு திரையின் டிரைவர் இல்லை. கம்பைல் ஆகாத நிரலைக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் 2-ஆம் பதிப்பின் கீழ் வருவது. கெர்னலைப் போனில் வைத்து விற்றவர் அதற்குரிய முழு மூலநிரலையும் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. இதைப் பற்றிக் கேட்டதற்கு உங்கள் பதில்: "அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்." ஈப்போவில் அந்த முகப்புக்குப் போய் கெர்னல் மூலநிரல் கேட்க வேண்டுமாம்!

பேட்டரியும் இப்போது கையிருப்பில் இல்லை, இனி வராது என்கிறார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனையை நிறுத்திய பிறகும் 7 ஆண்டுகளுக்கு உதிரிப் பாகம் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அங்கே தலையாட்டுகிறீர்கள். இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்வதை உற்பத்தியாளர் பொறுப்பாக வைத்திருக்கிறது. தயவுசெய்து உங்கள் சட்டப் பிரிவிடம் ஒருமுறை காட்டுங்கள்.

எங்களுக்கு ஏற்பட்ட நட்டத்தைச் சொல்லி மாளாது. ஒரு பெட்டி நிறைய உங்கள் மாடல் போன்கள் பேட்டரி மாற்றி, திரை துடைத்து, குறிக்காகக் காத்துக் கிடக்கின்றன. கொடுத்தவர்கள் எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்கிறார்கள். பல ஆண்டுப் பெயர் உங்களால் போயிற்று. இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளின் படிப்பே நின்றுபோனது என்றாலும் தகும். முடக்கிய போனில் இருந்த கல்யாணப் படங்களுக்கு என்ன விலை போடுவீர்கள்? 50,000 வெள்ளி கொடுத்தாலும் ஈடாகாது.

அந்தத் தொகையைச் சும்மா சொல்லவில்லை. பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் கோரக்கூடிய உச்சவரம்பு அதுதான். 1-ஆம் படிவம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. உங்களுக்காகவும் வழக்கறிஞர் வந்து நிற்க முடியாது. கோருபவர் பயனீட்டாளராக இருக்க வேண்டும் என்பதால் கடையின் பெயரில் போட மாட்டோம், போனின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போடுவார்கள். உள்நாட்டு வாணிப அமைச்சுக்கும் நகல் போகும்.

அதற்கெல்லாம் அவசியம் வராது என்றே நம்புகிறோம். நல்ல போன் செய்திருக்கிறீர்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறோம். இணைப்பில் உள்ள ஐஎம்இஐ எண்களுக்கெல்லாம் திறவுக்குறி அனுப்புங்கள். முடக்கிய போனைக் கட்டணமின்றி 9008-இலிருந்து மீட்டு, கடைசி ஃபர்ம்வேரோடு, பூட்லோடர் திறந்த நிலையிலேயே தாருங்கள். கடைசி ஃபர்ம்வேர் தொகுப்பையும் ஆண்ட்ராய்டு 9 கெர்னல் மூலநிரலையும் உங்கள் தளத்தில் மீண்டும் போடுங்கள். பேட்டரி வேலைக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுங்கள். 14 நாள் அவகாசம். பதில் எழுத்தில் வேண்டும். அழைத்துத்தான் பேச வேண்டுமென்றால் ஃபாஸ்ட்பூட் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் அழைக்கட்டும்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்,
சுங்கை சிப்புட்.

பி.கு.: முடக்கிய போனை மீட்க எடுத்துச் செல்லும்போது போர்டை மாற்றிக் கொடுத்துவிட வேண்டாம். புதிய போர்டு என்றால் வேறு ஐஎம்இஐ. பழைய எண்ணுக்கு நீங்கள் கொடுத்த திறவுக்குறி அதற்குப் பொருந்தாது. வேலைச்சீட்டில் "போர்டு மாற்றக் கூடாது, ஃபயர்ஹோஸ் மட்டும்" என்று எழுதி, போனின் சொந்தக்காரரின் கையெழுத்தை வாங்கிய பிறகே கருவியைத் தொடச் சொல்லுங்கள்.